படுக்கை உயரத்தில் ஒரு ஜன்னல்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வெஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1864-இல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கி 1994-இல் மூடிய மனநல மருத்துவமனை இருக்கிறது. கல்லால் கட்டியது. இப்போது கட்டணம் செலுத்தி உள்ளே போய்ப் பார்க்கலாம்.

உரிந்த சுவர்களைப் படம் எடுக்கத்தான் நான் போனேன். சீரமைக்காத பகுதியில் சாயம் சருகு மாதிரி சுருண்டு தொங்கியது. பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்பதால் மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. ஃபிளாஷும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நேராக வெளிச்சம் அடித்தால் சுவர் தட்டையாகிவிடும். ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் உரிந்த ஒவ்வொரு துண்டுக்கும் நிழல் கிடைக்கும். ஆனால் ஜன்னல் வெளுத்துப்போகும், மூலை இருண்டுபோகும். அதனால் ட்ரைபாடில் வைத்து ஒவ்வொரு காட்சியையும் மூன்று நான்கு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில், எடுத்தேன்.

நான் துரத்திக்கொண்டிருந்த அந்த வெளிச்சம் தற்செயலாக வந்ததில்லை. தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி எழுந்த கட்டடம் அது. ஒவ்வொரு வார்டுக்கும் வெயிலும் காற்றும் வர வேண்டும் என்று, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று தள்ளித் தள்ளிப் படிக்கட்டுபோலக் கட்டடத்தின் பக்கப் பகுதிகளை அமைத்தார்கள். கட்டடமே மருந்தாகும் என்று நம்பிய காலம். 250 பேருக்கென்று திட்டமிட்ட இடத்தில் 1950-களில் சுமார் 2,400 பேர் இருந்தார்கள். அதில் எத்தனை பேருக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்கும்?

ஒரு சின்ன அறையில் தரையைப் படம் எடுக்க ட்ரைபாடை இறக்கினேன். பாதியில், கட்டில் உயரத்தில், கேமரா நின்றது. குனிந்து கேமராவில் பார்த்தால், சுவர் படத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. ஜன்னலில் ஒரு மர உச்சி, மீதி வானம். படுத்திருந்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவரை எடுத்ததெல்லாம் நின்றுகொண்டு பார்க்கும் விருந்தாளியின் பார்வை என்று அப்போதுதான் உறைத்தது. அப்புறம் போன அறைகளில் எல்லாம் அதே உயரத்தில்தான் எடுத்தேன்.

இன்னொன்று. சக்கர நாற்காலியைத் தாழ்வாரத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, பேய்ப்படம் போல எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. பலருக்கு அந்த மருத்துவமனைதான் வீடாக இருந்தது, சிலருக்குக் கடைசிவரை.

அந்த அறையில் எடுத்ததில் ஒரே ஒரு படத்தைத்தான் அச்சிட்டு வைத்திருக்கிறேன். மரம் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது, அன்று காற்று.