7 மெகாஹெர்ட்ஸ் கிட்: பேண்ட்பாஸ் டிரிம்மர் கடைசிவரை போகிறது, குரலும் கீச்சென்று கேட்கிறது

டோராய்டு_தம்பி:

ஓஎம்களுக்கு (சக ஹாம் ரேடியோ நண்பர்களுக்கு) வணக்கம். என்னிடம் இருப்பது ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸ்ஸீவர் வழியில் வந்த 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) கிட். ஐஎஃப் (இடைநிலை அலைவெண்) 12 மெகாஹெர்ட்ஸ், அதற்கு நான்கு கிரிஸ்டல்களை ஏணிபோல் கோத்த லேடர் ஃபில்டர். விஎஃப்ஓ (டயலோடு நகரும் ஆஸிலேட்டர்), பிஎஃப்ஓ (ஐஎஃப்பிலிருந்து குரலை மீட்கும் ஆஸிலேட்டர்) இரண்டும் ஒரே எஸ்ஐ5351 அலைவெண் உருவாக்கும் போர்டிலிருந்து வருகின்றன, அதை ஆர்டுயினோ நானோ மைக்ரோகண்ட்ரோலர் ஓட்டுகிறது. முன்பக்க பேண்ட்பாஸில் (வேண்டிய பட்டையை மட்டும் விடும் ஃபில்டர்) இரண்டு டி50-6 டோராய்டு (வளையக் கோரில் சுற்றிய காயில்). ஒவ்வொன்றுக்கும் 30 சுற்று, 100 பிகோஃபாரட் நிலையான கெப்பாசிட்டர், அதோடு இணையாக 6–60 பிகோஃபாரட் டிரிம்மர். நடுவே கப்ளிங் 4.7 பிகோஃபாரட்.

சிக்கல் இரண்டு. முதல் டிரிம்மரில் இரைச்சல் நன்றாக ஏறி இறங்குகிறது. இரண்டாவது டிரிம்மர் முழுக் கொள்ளளவுக்குப் போன பிறகும் இன்னும் ஏற இடம் கேட்பதுபோல் இருக்கிறது. அடுத்தது, குரல்கள் தாழ்ந்த ஒலி இல்லாமல் கீச்சென்று கேட்கின்றன. நானோவிஎன்ஏவை (ஃபில்டரின் அலைவெண் வளைவைக் காட்டும் கருவி) கிரிஸ்டல் ஃபில்டரின் இரு முனையிலும் நேராகக் கொடுத்துப் பார்த்தால் வளைவின் மேற்பகுதி 5 டெசிபல் அளவுக்கு மேடும் பள்ளமுமாக வருகிறது. கிரிஸ்டல்களை மாற்ற வேண்டுமா?

காப்பர்_கம்பி:

கிரிஸ்டலில் கை வைக்காதீர்கள். முதல் சிக்கலுக்குக் கணக்கே பதில் சொல்லும்.

டி50-6 மஞ்சள் கோரின் ஏஎல் மதிப்பு (சுற்றின் வர்க்கத்தோடு பெருக்கினால் இண்டக்டன்ஸ்) 4 நானோஹென்றி. 30 சுற்றுக்கு 4 × 900, அதாவது 3.6 மைக்ரோஹென்றி. 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஒத்திசைய ஏறக்குறைய 140 பிகோஃபாரட் வேண்டும். நிலையான 100, போர்டின் தடங்களில் 5, டிரிம்மர் நடுவாக்கில் 35. கிட்டை வடிவமைத்தவர் எண்ணியதும் இதுதான்.

27 சுற்றுதான் இருந்தால் 2.9 மைக்ரோஹென்றி. அப்போது 172 பிகோஃபாரட் தேவை. உங்களிடம் இருப்பது எல்லாம் சேர்த்து 165. டிரிம்மர் முட்டி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கோர் மாறிப்போய்ச் சிவப்பு டி50-2 வந்திருந்தால் எதிர்ப்பக்கம் முட்டும்: 30 சுற்றுக்கு 4.4 மைக்ரோஹென்றி, தேவை 114 மட்டுமே, டிரிம்மர் முழுக்கத் திறந்த நிலைக்கு அருகே போய்விடும். ஆகவே எந்த முனையில் முட்டுகிறது என்பதே பாதி நோயறிதல்.

சுற்றை எண்ணும்போது துளையின் உள்விளிம்பில் எண்ணுங்கள். கம்பி துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. ஒன்றோ இரண்டோ மட்டும் குறை என்றால் சுற்றுகளை நெருக்கித் தள்ளினாலே இண்டக்டன்ஸ் சற்றுக் கூடும். மூன்று சுற்று குறைந்தால் புதிதாகச் சுற்றுவதே சரி. சால்டர் செய்யும் முன் எனாமலை முழுக்கச் சுரண்டி ஈயம் பூசிவிடுங்கள். அரைகுறையாகச் சுரண்டிய கால் பார்வைக்கு ஒட்டியதுபோலத் தெரியும், ஆனால் டிரிம்மரை எப்படித் திருப்பினாலும் எந்த மாற்றமும் இருக்காது.

உண்மையான பீக்கை அறிய ஒரு வழி: இந்த வகை டிரிம்மரை ஒரு முழு வட்டம் திருப்பினால் இரைச்சல் இரண்டு இடத்தில் உச்சத்துக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அது ஒத்திசைவு அல்ல, டிரிம்மரின் எல்லை. பிளாஸ்டிக் திருப்புளியையே பயன்படுத்துங்கள். இரும்பு முனை பக்கத்தில் வந்தாலே ஒத்திசைவு நகரும்.

கப்ளிங் கெப்பாசிட்டரையும் ஒருமுறை பாருங்கள். மேலே 470 என்று அச்சிட்டிருந்தால் அது 47 பிகோஃபாரட். 4.7-க்குப் பதில் அது உட்கார்ந்திருந்தால் வளைவு இரண்டு திமிலாகப் பிரிந்து வெகுதூரம் விலகிவிடும். எந்த டிரிம்மராலும் அதை மீட்க முடியாது.

லேடர்_ரசிகன்:

ஃபில்டரில் தெரியும் மேடுபள்ளம் அளந்த விதத்தால் வந்தது. இந்த லேடர் 200 ஓம் அளவுக்கு வடிவமைத்தது, நானோவிஎன்ஏ 50 ஓம். முனைத்தடை பொருந்தாவிட்டால் நல்ல ஃபில்டரும் அலைபோல்தான் தெரியும்.

செய்ய வேண்டியது: ஃபில்டரின் இருபுறமும் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர்களில் ஒரு காலைத் தூக்கி, ஃபில்டரைச் சுற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பிறகு இரு முனையிலும் 150 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து நானோவிஎன்ஏவை இணையுங்கள். 150 + 50 என்று ஃபில்டருக்கு 200 ஓம் தெரியும். இந்த ரெசிஸ்டர்களால் மட்டும் 12 டெசிபல் இழப்பு வரும். திரையில் காணும் இழப்பிலிருந்து அதைக் கழித்தால் ஃபில்டரின் சொந்த இழப்பு கிடைக்கும்.

ஸ்வீப்பை 11.993 முதல் 12.001 மெகாஹெர்ட்ஸ் வரை வையுங்கள். 101 புள்ளிக்கு 80 ஹெர்ட்ஸ் இடைவெளி, போதும். எல்லையை வைத்த பிறகுதான் காலிப்ரேஷன் செய்ய வேண்டும்.

வளைவு தட்டையாக வந்தும் ஃபில்டர் தடுக்க வேண்டிய பகுதி 40 டெசிபலுக்குக் கீழே இறங்க மறுத்தால் கிரிஸ்டல் டப்பாக்களைக் கிரவுண்ட் செய்யுங்கள். டப்பாவின் மேற்பகுதியில் ஒரு கம்பியை நொடிப்பொழுதில் ஒட்டி எடுத்துவிட வேண்டும். கீழே கண்ணாடி அடைப்புள்ள பக்கம் சூடு பட்டால் கிரிஸ்டலின் அலைவெண் நகர்ந்துவிடக்கூடும்.

இந்த அமைப்பில் பிஎஃப்ஓ ஃபில்டரின் மேல் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும். விஎஃப்ஓ 5 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 7 + 5 = 12, ஆகவே எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) தலைகீழாகாமல் எல்எஸ்பியாகவே ஐஎஃப்புக்கு வருகிறது. இவ்வகை லேடரின் மேல் சரிவு செங்குத்து, கீழ்ச் சரிவு சாய்வு. எதிர்ப் பக்கப்பட்டை செங்குத்தான பக்கத்தில் விழுவதால் நன்றாக அடங்கும். மேல் விளிம்பின் −6 டெசிபல் புள்ளியிலிருந்து 300 ஹெர்ட்ஸ் மேலே பிஎஃப்ஓவை வையுங்கள்.

டோராய்டு_தம்பி:

நன்றி ஓஎம். இரண்டாவது டோராய்டில் 27 சுற்றுதான் இருந்தது. 30 சுற்றியதும் டிரிம்மரில் இரண்டு உச்சமும் தெரிகிறது. ஃபில்டர் 150 ஓம் வழியாக அளந்ததில் மேடுபள்ளம் 1 டெசிபலுக்குள், இழப்பு 15.5, அதாவது ஃபில்டருக்கு 3.5. −6 டெசிபல் புள்ளிகள் 11.9960, 11.9983. பிஎஃப்ஓவை ஸ்கெட்சில் (ஆர்டுயினோ நிரலில்) 11998600 என்று கொடுத்தேன். குரல் இன்னும் மெலிசுதான். ஃபோனில் ஸ்பெக்ட்ராய்டு என்ற ஒலி அலைவெண் காட்டும் ஆப்பில் இரைச்சலைப் பார்த்தால் 550 முதல் 2850 ஹெர்ட்ஸ் வரை திட்டுபோல் நிற்கிறது.

லேடர்_ரசிகன்:

அந்தப் படம் ஒன்றே போதும். அகலம் 2300 ஹெர்ட்ஸ், ஃபில்டரோடு பொருந்துகிறது. 300-இல் தொடங்க வேண்டியது 550-இல் தொடங்குகிறது என்றால் உங்கள் பிஎஃப்ஓ எழுதிய எண்ணைவிட 250 ஹெர்ட்ஸ் மேலே ஓடுகிறது. எஸ்ஐ5351 போர்டின் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அச்சிட்ட அலைவெண்ணில் துல்லியமாக ஓடாது. 12 மெகாஹெர்ட்ஸில் 250 என்பது மில்லியனுக்கு ஏறக்குறைய 21 பங்கு. மலிவான போர்டுகளில் இது வழக்கமே.

பிஎஃப்ஓ எண்ணில் மட்டும் 250-ஐக் குறைத்தாலும் குரல் சரியாகிவிடும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். விஎஃப்ஓவும் அதே கிரிஸ்டலிலிருந்து பிறப்பதால் டயல் 7.1-இல் ஏறக்குறைய 148 ஹெர்ட்ஸ் பிழையோடு நிற்கும். முறையான வழி: எஸ்ஐ5351-ஐ 10 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்து நம்பகமான அலைவெண் கவுண்டரில் படியுங்கள். 10.000208 போல ஏதாவது காட்டும். அந்த விகிதத்தில் ஸ்கெட்சில் உள்ள 25000000 என்ற கிரிஸ்டல் மதிப்பை 25000520 என்று மாற்றுங்கள். மீண்டும் 10 மெகாஹெர்ட்ஸைப் படித்து உறுதி செய்த பிறகு பிஎஃப்ஓவை 11998600-இலேயே விடுங்கள். போர்டு கால் மணி நேரமாவது சூடான பிறகு அளப்பது நல்லது.

காதுக்கு இதமாக இருக்கிறது என்று பிஎஃப்ஓவை இன்னும் ஃபில்டருக்குள் இழுக்க வேண்டாம். டிரான்ஸ்மிட்டிலும் அதே பிஎஃப்ஓ, அதே ஃபில்டர்தான். கேரியர் அடங்குவது குறையும், எதிர்ப் பக்கப்பட்டையும் கசியும், எதிர்முனையில் கேட்பவருக்குத்தான் தொல்லை.

பட்டை40:

பேண்ட்பாஸைக் கடைசியாகப் பீக் செய்யும்போது இரண்டு விஷயம். நம்மூரில் 40 மீட்டர் 7.0 முதல் 7.2 வரை. அதற்கு மேலே ஒலிபரப்பு நிலையங்கள். மாலையில் அவை மிகப் பலமாக வரும், இரைச்சலை வைத்துப் பீக் செய்தால் வளைவு மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். பகலில், 7.1-இல் ஒரு பலவீனமான சிக்னலை வைத்துச் செய்யுங்கள். நானோவிஎன்ஏவின் வெளியீட்டை ஆன்டெனா சாக்கெட்டில் நேராகக் கொடுக்காதீர்கள், அது மிகப் பலமானது. ஒரு சாண் கம்பியைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஏஜிசி (தானியங்கி கெய்ன் கட்டுப்பாடு) சேர்த்திருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் உச்சம் தட்டையாகி ஏமாற்றும். இரண்டு டிரிம்மரும் ஒன்றையொன்று இழுக்கும், மாற்றி மாற்றி மூன்று முறையாவது சரிசெய்யுங்கள்.

பீக் ஆன பிறகு 7.0-இலும் 7.2-இலும் அதே சிக்னலைக் கேளுங்கள். ஒரு முனையில் மட்டும் கணிசமாகக் குறைந்தால் இரண்டு டிரிம்மரையும் மிகச் சிறிதளவு அந்த முனை நோக்கி நகர்த்தலாம். டிரான்ஸ்மிட்டுக்கும் இதே பேண்ட்பாஸ்தான் என்பதால் அங்கே தனியாகத் தொட வேண்டியதில்லை.

இன்னொன்று. 11.6 முதல் 12.1 மெகாஹெர்ட்ஸ் வரை 25 மீட்டர் ஒலிபரப்புப் பட்டை, உங்கள் ஐஎஃப் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. டயலை எங்கே சுற்றினாலும் நகராமல் ஒரே நிலையம் பின்னால் கேட்டால், அது ஐஎஃப்புக்குள் நேராக நுழைவது. ஆன்டெனாவுக்கும் பேண்ட்பாஸுக்கும் இடையே 12 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்திசைந்த தொடர் எல்சி டிராப் (காயிலும் கெப்பாசிட்டரும் தொடராக நின்று அந்த அலைவெண்ணை வடிக்கும் சுற்று) ஒன்றைக் கிரவுண்டுக்கு வையுங்கள். டி50-6 மேல் 30 சுற்று இதற்கும் பொருந்தும், கூடவே 49 பிகோஃபாரட் அளவு வேண்டும், 6–60 டிரிம்மர் ஒன்றே போதும். 12 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் கொடுத்து, அது மங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, பேண்ட்பாஸின் முதல் டிரிம்மரை மட்டும் மறுபடி ஒருமுறை தொடுங்கள். டிராப் 7 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். 73 (வாழ்த்துகள்).