மழைக்குப் பிறகு எயார் ரைபிள் குறி சிதறுகிறது: குழலில் கோளாறா?

ஊவாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். பண்டாரவளைக்குக் கொஞ்சம் கீழே ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். பெரியப்பாவிடம் பழைய எயார் ரைபிள் ஒன்று இருக்கிறது. 4.5 மி.மீ., குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. பத்திரமெல்லாம் அவர் பெயரில் ஒழுங்காக உண்டு, சுடும்போது அவரும் பக்கத்தில் இருப்பார். லயத்துக்குப் பின்னால் உயரமான மண் திட்டு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் 10 மீட்டரில் பேப்பர் ஒட்டிச் சுடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

முன்பெல்லாம் ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் ஒரு ஐந்து ரூபாக் குற்றிக்குக் கீழே மறைந்துவிடும். ஒக்டோபரில் மழை தொடங்கியதும் பையில் போட்டு வைத்துவிட்டோம். பொங்கல் கழித்து எடுத்துச் சுட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்துக்குச் சிதறுகிறது. ஓரத்துக்கு ஓரம் அளந்தேன்: 38, 41, 36 மி.மீ. மூன்று ஒன்றாக விழும், மற்ற இரண்டும் எங்கேயோ போகும். ஒருமுறை மேலே, இன்னொருமுறை இடப்பக்கம். ஒழுங்கே இல்லை.

டவுனில் ஒரு லேத்துக் கடையில் கேட்டேன். குழல் தேய்ந்துவிட்டது, நுனியில் ஒரு அங்குலம் வெட்டினால் சரியாகும் என்றார்கள். வெட்டக் கொடுக்கலாமா? பெரியப்பா வேண்டாம் என்கிறார், ஆனால் ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஹட்டன் பொடியன்:
வெட்டவெல்லாம் வேண்டாம் மச்சான். ஒரு கம்பியில் எமரித் தாளைச் சுற்றி ட்ரில்லில் மாட்டி உள்ளே ஓட்டு. கண்ணாடி மாதிரி ஆகிவிடும். குரங்கு விரட்டவா வைத்திருக்கிறாய்?

ஊவாக்காரன்:
இல்லை, பேப்பருக்கு மட்டும்தான். குரங்கு எங்கள் பெரியம்மாவின் சத்தத்துக்கே ஓடிவிடும்.

பழைய பிட்டர்:
தம்பி, அந்த எமரி வேலையை மட்டும் செய்துவிடாதே. நான் தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். தேய்த்து எடுத்த இரும்பை யாராலும் திருப்பி வைக்க முடியாது.

குழலுக்குள்ளே சுருள் வரிகள் இருக்கின்றன. குண்டைச் சுழற்றிவிடுவது அந்த வரிகளின் விளிம்புதான். ட்ரில்லில் சுற்றுகிற எமரி வரிக்குக் குறுக்கே ஓடி விளிம்பை மழுக்கும். அதோடு நல்ல எயார் ரைபிள் குழல்கள் பலவற்றில் வாய்ப்பக்கம் கடைசி ஒன்றிரண்டு அங்குலம் நூலளவு இறுக்கமாக இருக்கும், அதைச் சோக் என்பார்கள். குண்டு வெளியேறும் முன் அதைக் கடைசியாகப் பிடித்து நேராக்குவது அந்த இடம். எமரி அதைத் தின்றுவிடும். லேத்துக் கடைக்காரர் சொன்னபடி வெட்டினாலும் அதே கதைதான், சோக் துண்டோடு போய்விடும்.

ஸ்டோரில் ரோலர் ஆடினால் எடுத்தவுடன் பேரிங்கைக் கழற்றமாட்டோம். அடியில் இருக்கிற போல்ட்டைத்தான் முதலில் பார்ப்போம். நீயும் அப்படியே செய். மரக்கட்டையை இரும்போடு பிடிக்கிற ஸ்குரூக்கள் இறுக்கமா? குழல் மடிகிற மூட்டு பக்கவாட்டில் ஆடுகிறதா? மூடும் இடத்தில் இருக்கிற ரப்பர் வளையம் எப்படி இருக்கிறது? கடைசியாக, சுடும்போது ரைபிளை எதன் மேல் வைக்கிறாய்?

நுவரெலியா மேடு:
இதெல்லாம் உயரத்தால் வருவது. மலையில் காற்று அடர்த்தி குறைவு, அதனால்தான் குண்டு அலைகிறது.

கண்டி 10 மீட்டர்:
அடர்த்தி குறைவு என்பது உண்மை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவாக இருக்கும். ஆனால் அதனால் எல்லாக் குண்டுகளும் சேர்ந்து கொஞ்சம் இடம் மாறும். 10 மீட்டரில் அதுவும் மிகச் சிறியது. மூன்று ஒரு பக்கம், இரண்டு வேறு பக்கம் என்று பிரியாது. அதுவும் ஊவாக்காரன் அதே இடத்தில்தானே ஒக்டோபருக்கு முன்பும் சுட்டிருக்கிறார், மலை நடுவில் வளர்ந்துவிட்டதா?

ரப்பர் வளையத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு டிஷ்யூ கீற்றைக் குழல் மூடும் இடுக்கின் மேல் வைத்துச் சுடுங்கள். கீற்று துள்ளினால் காற்று கசிகிறது. கசிவு இருந்தால் வேகம் ஒவ்வொரு குண்டுக்கும் மாறி, அடிகள் பெரும்பாலும் மேலும் கீழுமாக விழும்.

ஸ்பிரிங் ரைபிளைச் செங்கல் மேலோ மேசை விளிம்பிலோ வைக்கவே கூடாது. உள்ளே பிஸ்டன் ஓடும்போது ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, அப்புறம் முன்னால் தள்ளும். குண்டு குழலைவிட்டுப் போகும் முன்பே இதெல்லாம் தொடங்கிவிடும். உள்ளங்கையை மெத்தை போல விரித்து அதன் மேல் இளக்கமாகக் கிடக்கவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்.

ஊவாக்காரன்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முன் ஸ்குரூ இரண்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தன, இறுக்கினேன். மூட்டு ஆடவில்லை. டிஷ்யூ அசையவே இல்லை. செங்கல் மேல்தான் வைத்துச் சுட்டேன், அதற்கு மேல் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தேன். இப்போது கையில் வைத்துச் சுட்டதில் 33, 31 மி.மீ. கொஞ்சம் நல்லது, ஆனால் அந்த இரண்டு ஓடுகாலிகள் இன்னும் ஓடுகின்றன.

பழைய பிட்டர்:
சரி, இனிமேல் குழல். முதலில் ரைபிளில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏறவில்லை என்று பார்த்துக்கொள். ஸ்பிரிங் இறுகாமல், குழலின் பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மடித்தால் போதும், முழுவதும் மடித்து ஸ்பிரிங்கை ஏற்றிவிட்டு அங்கே விரலை வைக்காதே. தவறி விடுபட்டால் குழல் திரும்பி அடித்து விரல் போய்விடும்.

மீன் பிடிக்கிற தங்கூசியை இரண்டாக மடித்துப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் விடு. மடிப்பில் பழைய பருத்தி வேட்டித் துண்டைக் கோத்து இழு. எப்போதும் பின்னாலிருந்து முன்னால். துண்டில் இரண்டு சொட்டு துப்பாக்கி எண்ணெய் போதும். மண்ணெண்ணெய் ஊற்றாதே. எண்ணெய் பின்னால் பிஸ்டன் ஓடுகிற அறைக்குள் போனால், அது காற்றை அழுத்துகிற சூட்டில் அது பற்றி, டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும். சத்தமும் புகையும் வரும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். கடைசியில் உலர்ந்த துண்டு வெள்ளையாக வெளியே வரும்வரை இழு.

வருகிற அழுக்கின் நிறத்தை எனக்குச் சொல். கறுப்புச் சாம்பல் என்றால் ஈயம்.

ஊவாக்காரன்:
முதல் நான்கு துண்டும் கறுப்பு. ஐந்தாவதில் செங்கல் நிறம் வந்தது ஐயா. ஏழாவது வரைக்கும் வந்தது.

பழைய பிட்டர்:
துரு. நினைத்தேன். இப்போது பித்தளை வெல்டிங் கம்பி ஒன்று எடு. பழைய கராஜில் கேட்டால் கொடுப்பார்கள், குழலுக்குள் தாராளமாகப் போகிற மெல்லிய கம்பியாக இருக்கட்டும். இரும்புக் கம்பி வேண்டாம். முனையை மழுங்க அராவி, கம்பிக்கு இன்சுலேஷன் டேப் சுற்று. பின்பக்கத்தில் ஒரு குண்டை வைத்து மெதுவாகத் தள்ளு. கண்ணை மூடிக்கொண்டு தள்ளு, கைக்குத் தெரியும்.

தொடக்கத்தில் வரிக்குள் ஏறுகிறபோது இறுகும், அது சரி. பிறகு ஒரே சீராகப் போகவேண்டும். வாயருகே மறுபடி இறுகினால் சோக், அதுவும் சரி. நடுவில் தொளதொளவென்று விட்டாலும், மணல் மேல் இழுக்கிற மாதிரி நறநறத்தாலும் அந்த இடத்தைக் கம்பியில் குறித்துக்கொள். வெளியே வந்த குண்டைப் பூதக்கண்ணாடியில் பார், வரித்தடங்கள் சுற்றிலும் ஒரே ஆழமா என்று. அப்படியே காது குடைகிற பஞ்சுக் குச்சியைக் குழல் வாயின் உள்விளிம்பில் ஒரு சுற்று சுற்று. பஞ்சு இழை எங்கே சிக்குகிறது?

ஊவாக்காரன்:
மூன்று குண்டு தள்ளிப் பார்த்தேன். நடு வரைக்கும் வெண்ணெய். வாய்க்கு மூன்று விரல் இருக்கும்போது நறநறப்பு, ஒரு அங்குல நீளம் இருக்கும். அதற்கப்புறம் இறுக்கம். பஞ்சு ஒரே இடத்தில் சிக்குகிறது, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கிற இடம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அங்கே சின்னதாக ஒரு நசுங்கல் மினுங்குகிறது.

பழைய பிட்டர்:
பையை வாய் கீழாக நிறுத்தி வைத்தாயா?

ஊவாக்காரன்:
ஆமாம். அலுமாரிக்குப் பின்னால், சீமெந்துத் தரையில். எப்படித் தெரிந்தது?

பழைய பிட்டர்:
இரண்டும் வாயருகேதானே இருக்கிறது. மழை மாதங்களில் பையின் பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். இரவுக் குளிரில் குழலுக்குள் வேர்க்கிற நீர் கீழே இறங்கிச் சோக்குக்கு மேலே நிற்கும். துரு அங்கே பிடித்திருக்கிறது. பையை எடுக்கும்போதும் வைக்கும்போதும் சீமெந்தில் இடித்ததில் வாய் நசுங்கியிருக்கிறது.

இரண்டில் பெரிய குற்றவாளி நசுங்கல்தான். குண்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி குழிந்து விரிந்திருக்கும், காற்று தள்ளுவது அதைத்தான். அந்தப் பாவாடை வாயைவிட்டு விலகுகிற நொடியில் காற்று சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டும். ஏழு மணிப் பக்கம் பிசிறு இருந்தால் சமமாக வெளியேறாது, குண்டை ஓரத்தில் தட்டிவிடும். முதலில் வாயை மட்டும் சரி செய். பிறகு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது எதைச் சரியாக்கியது என்று தெரியாமல் போகும்.

உருண்டைத் தலை உள்ள பித்தளை ஸ்குரூ ஒன்று, குழல் துளையைவிடத் தலை நன்றாக அகலமாக. கை ட்ரில்லில் மாட்டு, கரண்ட் ட்ரில் என்றால் மிக மெதுவாக. குழலுக்குள் எண்ணெய் நனைத்த பஞ்சைக் கொஞ்சம் அடைத்துவிடு. ஸ்குரூத் தலையில் எஞ்சின் வால்வு தேய்க்கிற பேஸ்ட், நைசானது, கடுகளவு. வாயில் வைத்துச் சுற்று. ட்ரில்லை ஒரே கோணத்தில் பிடிக்காமல் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுபோ, இல்லையென்றால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேயும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார். விளிம்பைச் சுற்றி முடி போல மெல்லிய ஒரு பளபள வளையம், எங்கும் ஒரே அகலத்தில் வந்தால் நிறுத்து. பஞ்சை வாய்ப்பக்கமாக வெளியே தள்ளி, பேஸ்ட் துளியும் இல்லாமல் துடை.

கண்டி 10 மீட்டர்:
ஐயா சொன்னதோடு ஒன்று. சுத்தம் செய்த குழல் உடனே குறி சொல்லாது. 30, 40 குண்டு போய் உள்ளே மெல்லிய ஈயப் பூச்சு படிந்த பிறகு அளந்து பாருங்கள். முதல் ஐந்தைப் பார்த்துப் பயந்து மறுபடி தேய்த்துவிடாதீர்கள். நான் அப்படி ஒரு குழலைப் பாழாக்கியவன்.

ஊவாக்காரன்:
வாய் வேலை முடிந்தது. வளையம் வர ஆறேழு தடவை துடைக்க வேண்டியிருந்தது, கை நடுங்கியது. 40 குண்டு வீணாக்கிவிட்டு அளந்தேன்: 21, 19, 22! பெரியப்பா பேப்பரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது துருவை எடுக்கட்டுமா?

பழைய பிட்டர்:
பழைய அளவுக்கு வந்துவிட்டாய். நானாக இருந்தால் இங்கேயே நிறுத்துவேன். ஆனால் இருக்கிற துரு ஈயத்தைச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டே இருக்கும், சில நூறு குண்டுக்கு ஒருமுறை குறி மறுபடி கெடும். அதனால் இலேசாகச் செய்யலாம்.

எமரி இல்லை, வால்வு பேஸ்ட்டும் இல்லை. பித்தளை மினுக்குகிற மெட்டல் பொலிஷ். கம்பி நுனியில் துணியை இறுக்கமாகக் கட்டி, நறநறக்கிற இடத்துக்குப் பின்னால் நான்கு அங்குலத்திலிருந்து அந்த இடம் வரைக்கும் முன்னும் பின்னுமாக இருபது தடவை. கம்பி வரியோடு சேர்ந்து திரும்ப விடு, இறுக்கிப் பிடிக்காதே. சோக்குக்குள் போய் அரைக்காதே. துடைத்துவிட்டு ஒரு குண்டைத் தள்ளிப் பார். நறநறப்பு குறைந்திருந்தால் இன்னும் இருபது, அதோடு சரி. துரு தின்ற குழிகள் போகாது, போகவும் வேண்டாம். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முட்கள் மழுங்கினால் போதும்.

ஊவாக்காரன்:
நாற்பதோடு நிறுத்திவிட்டேன். நறநறப்பு முழுவதும் போகவில்லை, ஆனால் முன்பு மணல் என்றால் இப்போது மாவு. ஈயம் படிய 35 குண்டு. பிறகு 16, 15, 24.

அந்த 24இல் நான்கு ஒரே ஓட்டைக்குள், ஐந்தாவது ஓடிவிட்டது.

கண்டி 10 மீட்டர்:
அது குழல் இல்லை. டின்னிலிருக்கிற குண்டுகளைக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். பாவாடை நசுங்கியது தள்ளாடும். அவற்றைத் தனியே வையுங்கள், ஈயம் படியச் சுடுவதற்கு ஆகும்.

ஊவாக்காரன்:
டின்னில் பதினொன்று தள்ளாடின. எடுத்துவிட்டுச் சுட்டதில் 14, 15, 15. இனி எதையும் தொடமாட்டேன் ஐயா, சத்தியம். ரைபிள் இப்போது அலுமாரிக்கு மேலே, படுத்தபடி, எண்ணெய்த் துணி சுற்றி, குண்டில்லாமல், பூட்டோடு. பையைப் பெரியம்மா விதை உருளைக்கிழங்கு போட எடுத்துக்கொண்டார்.

ஹட்டன் பொடியன்:
ஐயா, என்னுடைய ரைபிளில் நான் போன வருடமே எமரி போட்டுவிட்டேன். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பழைய பிட்டர்:
புதுக் குழல், தம்பி.