எதிர்வீட்டில் என்ன கன்சோல்?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். பத்தாவதில் நல்ல மார்க். கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி, வாங்கித் தருவதாக அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். "மாமா, பிஎஸ் 5 வாங்கலாமா, சீரிஸ் எக்ஸ் வாங்கலாமா?" என்றான். முதலாவது சோனியின் பெட்டி, இரண்டாவது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ்.

"உன் ஃபிரெண்ட்ஸ்கிட்ட என்னடா இருக்கு?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்குப் போடும் வேகத்தில் எக்ஸ்பாக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ் 5 வெறும் 10.28, ஆனால் கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் வேகத்தில் பிஎஸ் 5தான் முன்னால் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எல்லாம் யூடியூப் உபயம். "நான் சீரியஸா கேக்குறேன் மாமா" என்றான். நானும் சீரியஸாகத்தான் கேட்டேன். இந்த 'இதுவா அதுவா' குழப்பத்தில் நான் மூன்று முறை மாட்டியிருக்கிறேன். மூன்று முறையும் முடிவு என் கையில் இருந்ததில்லை.

முதல் முறை 1996, திருநெல்வேலி. எங்கள் வீட்டில் இருந்தது சாதா டிவி கேம். ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் கொண்டுவந்த ஃபாமிகாமின் நகல் அது என்பது பதினைந்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணினால் மரியோ, கான்ட்ரா, டாங்க், சர்க்கஸ், வாத்து சுடுவது. அப்புறம் அதே மரியோ வேறு கலரில். ஓடவில்லையென்றால் கழற்றி ஊதிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். ஊதினால் சரியாகிவிடும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்தக் கோடையில் துபாய் சித்தப்பா தன் மகனுக்கு செகா கம்பெனியின் மெகா டிரைவ் கன்சோல் வாங்கி வந்தார். கூடவே செகாவின் ஓட்டக்கார ஹீரோ சானிக் கேம். அடுத்த தெருதான். "உன் மரியோ நடக்குறான், என் ஆளு பறக்குறான் பாத்தியா" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதே சண்டையை அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகளும் கோடிக்கணக்கில் விளம்பரம் கொடுத்து நடத்தி முடித்திருந்தன என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? 1993-இல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேம் வந்தபோது நின்டெண்டோ ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வையைத் தெறிக்கவிட்டது. செகாவில் ரத்தம் உண்டு, ஆனால் ரகசியமாகச் சில பட்டன்களை வரிசையாக அழுத்த வேண்டும். ஏ பி ஏ சி ஏ பி பி. சித்தப்பா மகன் அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். அந்த லீவு முழுக்கக் காலையில் எங்கள் வீட்டில் மரியோ, சாப்பிட்டுவிட்டு அவன் வீட்டில் சானிக். சாயங்காலம் யாராவது ஒருவருக்கு அடி விழும்.

இரண்டாவது முறை 2006, கோயம்புத்தூர். காலேஜுக்குப் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்திருந்தோம். எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்த வருடம் அது. யுவராஜ் சிங்கையும் அக்‌ஷய் குமாரையும் வைத்து விளம்பரம் செய்தார்கள். பார்க்கும்போதெல்லாம் ஆசையாக இருக்கும். பக்கத்திலிருந்த கேம் கடையில் எல்லாம் பிஎஸ் 2. மணிக்கு 20 ரூபாய், இரண்டாவது கன்ட்ரோலருக்குத் தனி. பழைய தலைமுறைப் பெட்டிதான், ஜப்பானில் 2000-த்திலேயே வந்துவிட்டது. ஆனால் கிரிக்கெட் 07 பிஎஸ் 2-க்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் வந்தது. 360-க்கு வரவே இல்லை. நாலு பையன்கள் இருக்கிற வீட்டில் அதற்கு மேல் என்ன விவாதம்? மூன்று பேர் பிஎஸ் 2 என்றார்கள், என் ஓட்டு தோற்றது. அந்த கேமில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டுமே உரிமம் வாங்கியிருந்தார்கள். நம் ஆட்கள் பெயரெல்லாம் திரிந்து கிடக்கும். அதைத் திருத்தவே ஒரு ராத்திரி போனது.

அடுத்த வருடம் 360-க்கும் ஒரு கிரிக்கெட் கேம் வந்தது. மற்ற நாடுகளில் பிரையன் லாரா பெயரிலும், ஆஸ்திரேலியாவில் ரிக்கி பாண்டிங் பெயரிலும் விற்ற அதே கேம் இங்கே யுவராஜ் சிங் பெயரில். ஆனால் அதற்குள் பெட்டி பழுதானால் எரிகிற 360-இன் மூன்று சிவப்பு விளக்கு விவகாரம் பேப்பரில் வந்துவிட்டது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரன்டியை மூன்று வருடமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. "அன்னைக்கே சொன்னோம்ல" என்று மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. கிரிக்கெட் வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார்கள்.

மூன்றாவதுதான் பெரிய கதை. 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டில் தலையைக் காட்ட வேண்டும், டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். ஜூனில் சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது. 'பிஎஸ் 4-இல் கேமை எப்படிப் பகிர்வது' என்று ஏதோ பாடம் நடத்தப்போவது போல ஆரம்பிக்கும். சோனியின் கேம் ஸ்டூடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷுஹேய் யோஷிடா ஒரு டிஸ்க் பெட்டியைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்பார், அவர் நன்றி சொல்வார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது.

வாபஸ் வாங்கினாலும் எங்கள் கூட்டத்தில் பேச்சு முடிந்துவிட்டது. புது டிஸ்க் ஒன்று நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். தனியாளாக மாதம் ஒன்று வாங்குகிற சம்பளம் யாருக்கும் இல்லை. கைமாற்ற முடியாத டிஸ்க் எங்களுக்கு எதற்கு? போதாக்குறைக்கு இந்தியாவில் பிஎஸ் 4 2014 ஜனவரியிலேயே 39,990 ரூபாய்க்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தது செப்டம்பரில். அந்த எட்டு மாதத்தில் எங்களில் ஒருவன் வாங்கினான். ஒருவன் வாங்கினால் முடிந்தது, மற்ற நாலு பேரும் அதையே வாங்கியாக வேண்டும்.

ஐந்து பேர், ஆளுக்கொரு கேம், சுற்று முறை. சீட்டு நடத்துவது போலவே நோட்டுப் போட்டு எழுதினோம். விட்சர் 3 என் முறை, பிளட்போர்ன் மதுரைக்காரன் முறை. கோவையிலிருந்து மதுரைக்கு பஸ் பார்சலில் டிஸ்க் போகும், பழைய துணி சுற்றி, மேலே 'மருந்து' என்று எழுதி. மருந்து என்று எழுதினால் தூக்கி எறிய மாட்டார்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. அன்சார்ட்டட் 4 மட்டும் ஒருவனிடம் போய் ஏழு மாதம் திரும்பவே இல்லை. கேட்டால், இன்னும் முடிக்கவில்லையாம். பதினைந்து மணி நேர கேம் அது.

அதனால்தான் மருமகனிடம் அப்படிக் கேட்டேன். உங்கள் கதையையும் சொல்லுங்கள். யார் முடிவெடுத்தார்கள்?

*

எங்கள் ஊரில் முடிவெடுத்தது கரண்ட்.

ஈரோடு பக்கம் கிராமம். 2012-இல் பிஎஸ் 3-ஆ 360-ஆ என்று ஒரு வருடம் மண்டையைக் குழப்பிக்கொண்டு காசு சேர்த்தேன். காசு சேர்ந்த நேரத்தில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். சேவ் பண்ணுகிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் டிவி அணையும். வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் கணக்கு. அதில் கன்சோலை மாட்டினால் அப்பா என்னைத்தான் கழற்றி வெளியே போடுவார்.

கடைசியில் சோனியின் பிஎஸ்பி வாங்கினேன், கையில் வைத்து ஆடுகிற சின்னக் கன்சோல். கரண்ட் இருக்கிற ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றி, இல்லாத நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவேன். 'காட் ஆஃப் வார்: செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்' முழுவதையும் இருட்டில்தான் முடித்தேன். அந்தச் சின்னத் திரை வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து மொய்க்கும். அந்த கேமின் ஹீரோ கிராட்டோஸ் அடித்ததைவிட நான் அடித்த கொசுதான் அதிகம்.

*

இரண்டு பேரும் நின்டெண்டோ பக்கமே திரும்பவில்லையே. டிவி கேமில் மரியோ ஆடிய தலைமுறை அப்படியே சோனிக்குப் போய்விட்டது. காரணம் எளிது. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவே இல்லை. அவர்களுடைய ஸ்விட்ச் கன்சோல் 2017-இல் வந்தது, ஆனால் இங்கே எல்லாம் வெளிநாட்டுச் சரக்குதான்.

நான் 2020 பிப்ரவரியில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். அண்ணன் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தான். அதில் துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் நான் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் வாரன்டி கேட்டேன். "நான் இங்கதாம்மா இருப்பேன்" என்றார். அதுதான் வாரன்டி. வீட்டில் எல்லோரும் என்னை ஏமாந்தவள் என்றார்கள்.

மார்ச் 20-ஆம் தேதி 'அனிமல் கிராசிங்' வந்தது. 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தோழி தினமும் ராத்திரி என் தீவுக்கு வந்து பழம் பறித்துக்கொண்டு போவாள். நான் அவள் தீவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு வருடமாக நேரில் பார்க்காதவளை அந்த இரண்டு மாதத்தில் தினமும் பார்த்தேன். நீங்கள் சொல்கிற எதிர்வீடு எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

கேசட் ஊதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் கேசட்டை வாய் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று அதன் மேல் கசப்பு மருந்து தடவியிருக்கிறார்கள். சொன்னால் நம்பாமல் அண்ணன் நக்கிப் பார்த்தான். மூன்று தம்ளர் தண்ணீர்.

*

டிஸ்க் சுற்று முறையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது முடிந்த கதை சார். நான் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸில் சின்னதான சீரிஸ் எஸ் வாங்கினேன், 34,990 ரூபாய். அப்போது பிஎஸ் 5 இந்தியாவுக்கு வந்திருக்கவே இல்லை. அது வந்தது 2021 பிப்ரவரி 2. அதுவும் முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. சோனியின் பெரிய கேம் டிஸ்க் ஒன்று அப்போது 4,999. என் கணக்கு சுலபம்: ஏழு டிஸ்க் காசில் எனக்குப் பெட்டியே வந்துவிடும்.

சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடவே இடமில்லை. யாரிடமும் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. ஒரே சந்தாவில் நிறைய கேம் ஆடுகிற கேம் பாஸ் கட்டினோம், பிள்ளைகள் ஓட்டல் மெனு மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். 512 ஜிபியில் நாலு பெரிய கேம் வைத்தால் ஐந்தாவதுக்கு இடமில்லை. எதை அழிப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. 2025 அக்டோபரில் சந்தா விலையை ஏற்றினார்கள், நிறுத்திவிட்டேன். அதற்கும் ஒருநாள் சண்டை.

சின்னவள் ஆடுவது மைன்கிராஃப்ட் மட்டும். அவள் அத்தை மகனிடம் இருப்பது பிஎஸ் 4. இருவரும் ஒரே உலகத்தில் வீடு கட்டுகிறார்கள். மைன்கிராஃப்டை மைக்ரோசாஃப்ட் 2014-லேயே வாங்கிவிட்டது, ஆனாலும் சோனி பெட்டியில் ஓடுகிறது. எதிர்வீட்டில் என்ன இருந்தால் என்ன சார்?

*

முதல் பதிவு போட்டவன்தான். சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சானிக்கை வைத்து நின்டெண்டோவை அடித்த செகா 2001-இல் கன்சோல் தொழிலையே விட்டுவிட்டது. அதே வருடக் கடைசியில் சானிக் நின்டெண்டோ கேம்க்யூபில் ஓடினான். 2007-இல் மரியோவும் சானிக்கும் ஒரே கேமில் ஒலிம்பிக்ஸ் ஆடினார்கள். அந்த அட்டைப் படத்தை சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். "இதுக்காடா அன்னைக்கு அடி வாங்குனோம்" என்று பதில் போட்டான். 2025-இல் மைக்ரோசாஃப்டின் சொந்த கேமான ஹேலோ கூட பிஎஸ் 5-க்கு வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள். 2006-இல் இதை யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

மருமகன் நேற்று திரும்பக் கூப்பிட்டான். நான் சொன்னதைக் கேட்டு அபார்ட்மென்ட் முழுக்க விசாரித்திருக்கிறான். எதிர்வீட்டுப் பையனிடம் சீரிஸ் எக்ஸ் இருக்கிறதாம்.

"அப்ப நீயும் எக்ஸ்பாக்ஸா?" என்றேன்.

"ஐயோ மாமா, அதான் அவன்கிட்ட இருக்கே. நான் பிஎஸ் 5 வாங்குனா ரெண்டு பேருக்கும் ரெண்டும் ஆச்சு. கதவைத் திறந்தா அவன் வீடு."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காலையில் மரியோ, சாப்பிட்டுவிட்டு சானிக்.

"ஆனா ரெண்டாவது கன்ட்ரோலர் வேணும். அப்பா பாக்ஸுக்கு மட்டும்தான் காசுன்னுட்டார்" என்றான். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான்.