கே எழுத்துக்காக மூன்று வாரம்

சின்க்ளேர் கம்பெனி 1981-ல் விட்ட இசட்எக்ஸ்81 என்ற வீட்டுக் கணினிக்கு 16 கிலோபைட் மெமரி செய்யப்போய் மண்டை காய்ந்தவன் நான். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ராம் வெறும் 1 கிலோபைட். கூடுதல் ராமை முதுகில் செருகும் டப்பாவாக விற்றார்கள். அது லேசாக ஆடினாலே அடித்த புரோகிராம் அத்தனையும் போய்விடும். புளூடாக் என்ற ஒட்டும் களியை வைத்துச் சமாளித்தவர்கள் ஏராளம்.

எனக்கு டப்பா கிடைக்கவில்லை. 62256 என்ற ஸ்டாடிக் ராம் ஐசி ஒன்று கையில் இருந்தது. அது 32 கிலோபைட். பாதி போதுமென்று ஒரு முகவரிக் காலை கிரவுண்டில் கட்டினேன். பின்பக்கம் செருகுவதற்கு, செத்துப்போன பிசி மதர்போர்டின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டை, அதாவது கார்டு செருகும் பழைய வகை வாயை, கழற்றி 23 ஜோடிக் கால்களுக்கு அறுத்துக்கொண்டேன். கால்களின் இடைவெளி இரண்டிலும் 2.54 மி.மீ.தான்.

ராம் உட்கார வேண்டிய இடம் 16384 முதல் 32767 வரை. ஆகவே முகவரிக் கம்பிகளில் ஏ14 (16384-க்கானது) ஒன்றாகவும் ஏ15 (32768-க்கானது) பூஜ்யமாகவும் இருந்தால் மட்டும் ஐசி விழிக்கும்படி லாஜிக் கேட் போட்டேன். உள்ளே இருக்கும் ராம் குறுக்கே வராமலிருக்க ராம்சிஎஸ் காலை 5 வோல்ட்டில் இழுத்துவிட்டேன். ஆன் செய்தால் கணினி தயார் என்று திரையின் கீழ் மூலையில் வரவேண்டிய கே எழுத்து வரவே இல்லை. சாலிடரை எல்லாம் மறுபடி உருக்கினேன், ஐசியை மாற்றினேன். ம்ஹூம்.

கோளாறு என் ஒழுங்கில்தான் இருந்தது. இந்தக் கணினியில் படம் வரையத் தனிச் சிப்பு கிடையாது. கணினியின் மூளையான இசட்80-தான் அந்த வேலையையும் பார்க்கிறது. திரையில் வரவேண்டிய எழுத்துகள் இருக்கும் இடத்தை, முகவரியில் 32768-ஐக் கூட்டிக்கொண்டு, கட்டளை மாதிரியே ஓட்டுகிறது. யூஎல்ஏ என்ற துணைச் சிப்பு குறுக்கே புகுந்து எழுத்தைத் தான் எடுத்துக்கொண்டு, இசட்80-க்கு 'சும்மா இரு' என்ற கட்டளையைக் கொடுக்கிறது. அதாவது ராம் 49152-க்கு (16384 + 32768) மேலேயும் பதில் சொல்லியாக வேண்டும். நானோ ஏ15-ஐப் போட்டு அந்த வாசலை அடைத்திருந்தேன்! ஏ15-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலே போதும், ஒரே ராம் இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கும்.

சரி என்று ஏ15 கம்பியை வெட்டி, அந்த கேட் காலை கிரவுண்டில் வைத்தேன். கே வந்தது. ராம் எங்கே முடிகிறது என்று கணினி குறித்துவைக்கும் 16388, 16389 இரண்டையும் பீக் கட்டளையால் படித்துப் பார்த்தேன். முன்பு 17408 காட்டிய இடத்தில் 32768.

அப்புறம் காபி டம்ளரை மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். திரை போய்விட்டது. மறுநாள் புளூடாக் வாங்கி வந்தேன்.