மறுமொழி: ‘தனிப்பயனாக்கிய மின்னொப்புதல்’ சரிவருமா?

> எல்லாரும் கைப்பேசியில் பார்த்துப் பழகிய சொல். இதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. மருத்துவ ஆய்வில் சேருபவருக்கு, அவரவருக்கேற்பத் திரையில் விளக்கி அதிலேயே சம்மதம் பெறும் முறைக்கு (personalised e-consent) ‘தனிப்பயனாக்கிய’ என்ற சொல்லை வைக்கலாம் என்கிறீர்கள். அது பழகிய சொல் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பின்னணிப் படத்தையும் மணியோசையையும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் அதில் நினைவுக்கு வரும். ஆய்வில் என்ன ஆபத்து, எப்போது விலகலாம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறாது. மாறுவது விளக்கம் மட்டுமே. (சேமித்த இரத்தத்தை வேறு ஆய்வுக்குத் தரலாமா என்பது போன்ற தேர்வுகள் தனிக் கதை, அதற்கு வேறு இழை தொடங்குவோம்.)

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து எடுக்கும் ஒரு பாட்டியிடம் தட்டைக் கணினியை நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். “சாப்பிடாம வரணுமா? எவ்ளோ ரத்தம் எடுப்பீங்க?” இதுதான் அவர் கேள்வி. ‘10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி’ என்று திரை தமிழில் பேச வேண்டும். பக்கத்தில் இருக்கும் பேரனுக்கோ தரவு எங்கே போகிறது, 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பது வேண்டும். அவர் தட்டினால் அந்தப் பகுதி விரியும். கையெழுத்துப் பக்கம் மட்டும் யார் வந்தாலும் ஒன்றே. ‘பாதியில் விலகலாமா?’ என்ற கேள்விக்குப் பாட்டி தவறாகப் பதில் சொன்னால், அதே பகுதி வேறு சொற்களில் மறுபடி வரும். மேலே ‘வணக்கம் பாட்டி’ என்று பெயர் ஒட்டுவதெல்லாம் கணக்கில் சேராது.

அதனால் என் பரிந்துரை: ‘தகவமை விளக்கம்’. சூழலுக்கேற்ப மாறுவதைக் குறிக்கும் ‘தகவமைவு’ (adaptation) ஏற்கெனவே உயிரியலில் இருக்கிறது, புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. பாட்டிக்குப் புரியாது என்பீர்கள். சரி, அது நமக்குள். திரையில் ‘உங்களுக்கேற்ற விளக்கம்’ போதும்.

அப்புறம் ‘ஒப்புதல்’. ஆய்வை நடத்த அனுமதிக்கும் அறநெறிக் குழு தருவதும் ஒப்புதல், நோயாளி தருவதும் ஒப்புதல் என்றால் ஒரே பாரத்தில் இரண்டும் மோதும். காவல் நிலைய ‘ஒப்புதல் வாக்குமூலம்’ வேறு! குழுவுக்கு ஒப்புதலை விட்டுவிட்டு, பங்கேற்பவருக்கு ‘இசைவு’ என்று பிரிப்போம்.

வெறும் ‘மின்னிசைவு’ என்று சுருக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். இணையதளத்தில் ‘சரி’ என்று தட்டுவதும் மின்னிசைவுதானே? மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்கான 1947-இன் நியூரம்பெர்க் நெறியே, இசைவு அறிந்து புரிந்துகொண்டு தருவதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ‘மின் அறிந்திசைவு’. ‘அறிந்து’வின் உகரம் கெட்டு ‘இசைவு’ சேர்கிறது. ‘அறிந்த இசைவு’ என்று பிரித்து எழுதினாலும் குற்றமில்லை.

கோலாலம்பூர் நண்பர்கள் ‘தகவமை’க்கு மாற்று இருந்தால் அனுப்புங்கள். ‘தனிப்பயன்’ மட்டும் வேண்டாம்.