கட்டபெட்டு வீட்டுக் குழு: கவிதாவின் போனஸ் பணம்

கவிதா (காலை 6:52)
எல்லோருக்கும் வணக்கம். ஃபேக்டரியில் போனஸ் வந்துவிட்டது. தீபாவளித் துணி, அம்மாவின் மருந்து எல்லாம் போக 5,000 மிச்சம். இதில் ஷேர் வாங்கலாம் என்று இருக்கிறேன். போனிலேயே வாங்கலாமாமே. எப்படி ஆரம்பிப்பது? சேகர் மாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

செல்வி சித்தி
எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்?

ராஜம் பெரியம்மா
நகைச்சீட்டில் போடு கண்ணு. உன் மகளுக்கு ஆகும்.

முருகன் சித்தப்பா
வேண்டாம்

முருகன் சித்தப்பா
ஈமு

பிரவீன்
சித்தப்பா, அது வேறு இது வேறு

முருகன் சித்தப்பா
அப்போதும் இப்படித்தான் சொன்னார்கள். கோழியை வாங்கி வளர்த்தால் போதும், மாதா மாதம் பணம் வீடு தேடி வரும் என்று. 2012இல் பெருந்துறைக்கு எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்று செல்வியைக் கேள்.

செல்வி சித்தி
என் ஆரம் போனது போனதுதான்

சேகர் மாமா (7:20)
மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.
ஈமுவில் நாம் பணத்தை ஒருவர் கையில் கொடுத்தோம். அவர் ஓடினார், பணமும் போனது. ஷேர் அப்படி இல்லை. வாங்கிய பங்கு உன் பெயரில் டீமேட் கணக்கில், அதாவது பங்குகளை மின்னணுப் பதிவாக வைக்கும் கணக்கில் இருக்கும். அந்தப் பதிவை வைத்திருப்பவை என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு நிறுவனங்கள். புரோக்கர் கடையை மூடினாலும் உன் பங்கு அங்கே பதிவில் இருக்கும். இதையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது செபி என்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு. 1992இல் அதற்குச் சட்ட அதிகாரம் வந்தது. ஆனால் கம்பெனி நன்றாக நடக்கும் என்று செபி உத்தரவாதம் தராது. விலை விழுந்தால் நட்டம் நமக்குத்தான்.
கணக்குத் தொடங்க பான், ஆதார், உன் பாங்க் கணக்கு போதும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உன் கையில் இருக்க வேண்டும். நாமினி பெயரை மறக்காமல் போடு. அப்பா இறந்தபோது பாங்குக்கு எத்தனை நடை நடந்தோம் என்று அக்காவுக்குத் தெரியும்.

ராஜம் பெரியம்மா
ஆமாம். பதினோரு மாதம். அதிலும் யார் நடந்தார்கள், யார் போனில் மட்டும் கேட்டார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது சேகர்.

சேகர் மாமா
அக்கா, அதை நேரில் பேசுவோம்.

கவிதா
மாமா, வருடக் கட்டணம் இருக்கிறதாமே? 5,000க்கு அது கட்டுப்படியாகுமா?

சேகர் மாமா
நல்ல கேள்வி. அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒருவர் பெயரில் ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும், அதில் இருப்பு 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் வருடப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்கும்போதே கேட்டு வாங்கு.
வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 5,000க்கு 5 ரூபாய். அது பெரிய தொகை இல்லை. விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கு வரும் டிபி கட்டணத்தைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை பங்கு விற்றாலும், ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய பதினைந்து இருபது ரூபாய். 300 ரூபாய்க்கு ஒரே ஒரு பங்கு வாங்கி அடுத்த வாரமே விற்றால் அந்தக் கட்டணமே ஐந்து சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும். சின்னத் தொகை போடுபவர் அடிக்கடி வாங்கி விற்கவே கூடாது.

செல்வி சித்தி
எல்லோரும் கவனம்! கரடி வந்திருக்கிறது. கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது

ராஜம் பெரியம்மா
அம்மா தாயே. எந்தப் பக்கம்?

செல்வி சித்தி
தேயிலைக்குள் இறங்கியதாம். பிள்ளைகளைத் தனியாக ஸ்கூலுக்கு விடாதீர்கள்

பிரவீன்
ஃபாரஸ்டுக்குச் சொல்லியாச்சா?

முருகன் சித்தப்பா
சொல்லியாச்சு. கூண்டு வைக்க வேண்டும் என்றால் மேலே கேட்க வேண்டுமாம்.

கவிதா
எங்கள் லைனில் இன்று இலை பறிக்கப் போகவில்லை. ஃபேக்டரி வேன் வந்துவிட்டது, நான் கிளம்புகிறேன்.

கவிதா (மதியம் 1:05)
சாப்பாட்டு நேரம். மாமா, இன்னொரு விஷயம். நேற்று யாரோ என்னை ஒரு ஷேர் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். 5,000 போட்டால் இருபது நாளில் இரட்டிப்பு என்கிறார்கள். தினமும் லாபம் வந்த படம் போடுகிறார்கள். ஒரு ஆப் லிங்க்கும் அனுப்பினார்கள்.

முருகன் சித்தப்பா
பார்த்தாயா

சேகர் மாமா
உடனே வெளியே வா. லிங்க்கைத் தொடாதே. கூகுள் பெயர் போட்டாலும், பெரிய கம்பெனி பெயர் போட்டாலும் தொடாதே. திரையில் காட்டும் லாபம் வெறும் எண்தான், எடுக்கப் போனால் இன்னும் பணம் கட்டு என்பார்கள். பணம் உன் பாங்கிலிருந்து செபியில் பதிவு பெற்ற புரோக்கருக்குப் போக வேண்டும், தனி ஆள் யாருடைய யூபிஐக்கும் போகக் கூடாது. புரோக்கர்களுக்கு இப்போது 'வேலிட்' என்ற சொல் சேர்ந்த தனி யூபிஐ முகவரி வந்திருக்கிறது, அதைப் பார்த்து அனுப்பு. யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும்.

கவிதா
அனுப்பவில்லை மாமா. வெளியே வந்துவிட்டேன்.

கவிதா
எம்ஆர்எஃப் ஒரு ஷேர் ஒரு லட்சத்துக்கு மேலாமே. அதெல்லாம் நமக்கு ஆகாது. பத்து ரூபாய் ஷேராகப் பார்த்து வாங்கினால் 500 கிடைக்குமே?

சேகர் மாமா
இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பத்து ரூபாய் பங்கு மலிவும் இல்லை, லட்ச ரூபாய் பங்கு விலை அதிகமும் இல்லை. கம்பெனியை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. கம்பெனி என்ன சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் என்று பார். அதற்கு நேரம் இல்லை என்றால் நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும், பங்கு போலவே சந்தையில் வாங்கும் ஃபண்டான நிஃப்டி இடிஎஃப் வாங்கு. சில நூறு ரூபாயில் ஒரு யூனிட், அதற்குள் 50 பெரிய கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.
காலை 9:15 முதல் மாலை 3:30 வரை வாங்கலாம். நீ இந்தச் சாப்பாட்டு நேரத்திலேயே போடலாம். வாங்கிய பங்கைக் கணக்கில் வைத்துக்கொள்ள 'டெலிவரி' என்று இருப்பதைத் தேர்ந்தெடு, அன்றே வாங்கி அன்றே விற்கும் 'இன்ட்ராடே' வேண்டாம். 'லிமிட்' வைத்து நீ நினைக்கும் விலையை எழுது. மறுநாள் வேலை நாளில் பங்கு கணக்குக்கு வந்துவிடும்.

பிரவீன்
மாமா, பத்தி பிரித்து எழுதுங்கள். ஃபேக்டரி சங்கு ஊதிவிடும்

பிரவீன்
அக்கா, ஆப்ஷன் என்று ஒரு பக்கம் வரும், விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது மாதிரி. அதைத் திறக்கவே திறக்காதே. நான் அதில் 38,000 விட்டேன்.

ராஜம் பெரியம்மா
என்னது?

ராஜம் பெரியம்மா
பிரவீன் போன் எடு

பிரவீன்
அம்மா மீட்டிங்கில் இருக்கிறேன். போன வருடம் நடந்தது. இப்போது விட்டுவிட்டேன்.

ராஜம் பெரியம்மா
வாடகை அட்வான்ஸ் என்று என்னிடம் வாங்கினாயே, அதுவா?

சேகர் மாமா
அக்கா, அவனைத் திட்டாதே. அவன் குழுவில் வாய் திறந்து சொன்னதே கவிதாவுக்குப் பெரிய உதவி. செபி 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று ஆண்டுக் கணக்கில், ஃப்யூச்சர், ஆப்ஷன் எனும் இந்த எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனி நபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். ஒரு கோடிப் பேருக்கு மேல். ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம்.

ராஜம் பெரியம்மா
என் பிள்ளை இப்போது சாப்பிடுகிறானா என்று மட்டும் சொல்லச் சொல்

பிரவீன்
சாப்பிடுகிறேன் அம்மா. ராத்திரி பேசுகிறேன்.

முருகன் சித்தப்பா
மச்சான், நல்ல ஷேரே வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விலை விழுந்தால்?

சேகர் மாமா
விழும் மாப்பிள்ளை. 2020 ஜனவரியில் நிஃப்டி 12,400க்கு மேல் இருந்தது. கொரோனா வந்ததும் மார்ச் 24இல் 7,511 வரை இறங்கியது. அன்று பயந்து விற்றவர்களுக்கு நட்டம். நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. இலை விலை இறங்கியது என்று தேயிலைச் செடியைப் பிடுங்குவோமா?

முருகன் சித்தப்பா
பிடுங்கினோமே. 2000இல் இலைக்கு விலை இல்லாமல் கீழ்த்தோட்டம் முழுக்க எடுத்துவிட்டுக் கேரட் போட்டேன். வீட்டில் அரிசி இல்லை, எப்படிக் காத்திருப்பது? நீங்கள் அப்போது கோயம்புத்தூரில் சம்பளத்தில் இருந்தீர்கள்.

சேகர் மாமா (1:48)
நீங்கள் சொல்வது சரி. அதை நான் யோசிக்கவில்லை.
கவிதா, சித்தப்பா சொன்னதை முதலில் எடுத்துக்கொள். இரண்டு மூன்று வருடம் தொடாமல் இருக்க முடிகிற பணம் எவ்வளவோ அவ்வளவுதான் இதில் போட வேண்டும். அம்மாவின் மருந்துக்கு மூன்று மாதப் பணம் தனியாக இருக்கிறதா?

கவிதா (மாலை 5:40)
ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது.

செல்வி சித்தி
அப்படியானால் முதலில் அது

கவிதா
3,000 அம்மாவுக்காக வைக்கிறேன். 2,000க்கு இடிஎஃப். அப்புறம் மாதம் 500.

முருகன் சித்தப்பா
500ஐப் போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போடலாம்

ராஜம் பெரியம்மா
நகைச்சீட்டு

சேகர் மாமா
ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். அதற்குள் கணக்கை மட்டும் தொடங்கி வை. பணம் போடாதே.

கவிதா
தொடங்கப் பார்த்தேன் மாமா. முகத்தைக் காட்டச் சொல்கிறது, மிஸ்ட்டில் இருட்டாகத் தெரிகிறது. ஓடிபியும் வீட்டில் வரவில்லை.

செல்வி சித்தி
அண்ணா, வரும்போது மேட்டுப்பாளையத்தில் சின்ன வெங்காயம் வாங்கி வாருங்கள். இங்கே விலை கேட்க முடியவில்லை

ராஜம் பெரியம்மா
எனக்கும் இரண்டு கிலோ. சேகர், அந்தப் பதினோரு மாதக் கதையையும் அன்றைக்கே பேசிவிடலாம்.

சேகர் மாமா
சரி அக்கா.

கவிதா (6:15)
ஓடிபி வந்துவிட்டது! டேங்க் மேட்டில் நிற்கிறேன், இங்கே இரண்டு கோடு சிக்னல் இருக்கிறது.

செல்வி சித்தி
ஐயோ அங்கே நிற்காதே, காலையில் கரடி அந்தப் பக்கம்தான் போனது

முருகன் சித்தப்பா
அங்கேயே இரு. டார்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன்.