எஃகு மீதான குவிப்புத் தடுப்பு வரி: வழக்குப் போடுவது உரிமையா, இழுத்தடிப்பா?

பீளமேட்டான்:
போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர், "இறக்குமதி எஃகு மீதான வரியை எதிர்த்து வழக்குப் போடுகிறவன் உள்நாட்டுத் தொழிலுக்குத் துரோகி" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் தனியாக இதை ஆரம்பிக்கிறேன்.

பால் குளிரூட்டும் தொட்டி செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எங்களுக்கு அரிசி பருப்பு மாதிரி 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 2015 ஜூனில் சீனா, மலேசியா, கொரியாவிலிருந்து வரும் 304 ஹாட் ரோல்டு (சூடாக உருட்டிய தகடு) சரக்கின் மீது குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். வெளிநாட்டுக்காரன் தன் ஊர் விலையை விட மலிவாக இங்கே கொண்டுவந்து தள்ளுவதுதான் குவிப்பு; அதைத் தடுக்கப் போடுவது இந்த வரி. எங்களுக்குச் சரக்கு தருகிற இறக்குமதியாளரின் காயில் (சுருட்டிய எஃகுத் தகடு) அப்போது கடலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் கிளம்பிய தேதியைச் சுங்கத்தில் பார்க்க மாட்டார்கள். சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம்) தாக்கலாகும்போது என்ன வரி அமலில் இருக்கிறதோ அதைக் கட்ட வேண்டும். அவர் கட்டினார், அப்படியே எங்கள் பில்லில் ஏற்றினார். நானோ அதற்கு முன்பே தொட்டிகளுக்கு விலை பேசி, முன்பணமும் வாங்கியிருந்தேன். அந்த நஷ்டத்தை அடைக்க இரண்டு வருடம் ஆனது.

மனு கொடுப்பது பெரிய ஆலைகள். விசாரிப்பது வணிக அமைச்சகத்தின் அதிகாரி. வரி போடுவது நிதி அமைச்சகம். எஃகை வாங்கிப் பிழைக்கிறவன் இதில் எங்கே இருக்கிறான்? தப்பு நடந்தால் போய்க் கேட்க தீர்ப்பாயமும் நீதிமன்றமும்தான் இருக்கின்றன. அந்தக் கதவைத் தட்டுகிறவனைத் துரோகி என்றால் எப்படி?

கஞ்சமலை:
அதை எழுதியவன் நான் இல்லை. ஆனாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஓர் உருக்காலையின் ரோலிங் மில்லில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

நீங்கள் சொல்லும் அதே 2015-ல் சீனா ஏற்றுமதி செய்த எஃகு 11 கோடி டன்னுக்கு மேல். இந்தியா முழுவதும் அந்த வருடம் உற்பத்தியானது 9 கோடி டன்னைக்கூட எட்டவில்லை. அதாவது அவர்கள் நாட்டில் விற்காமல் வெளியே தள்ளியதே நம் மொத்த உற்பத்தியை விட அதிகம். அப்படிப்பட்ட சரக்கு வந்து இறங்கும்போது மில்லில் என்ன நடக்கும் தெரியுமா? முதலில் ஒரு ஷிப்டை நிறுத்துவார்கள். அதில் முதலில் வீட்டுக்குப் போகிறவர் ஒப்பந்தத் தொழிலாளி. உலையை அணைத்துவிட்டு நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஆறு மாதம் மலிவு எஃகு வாங்கிய லாபத்துக்காக ஓர் ஆலை படுத்தால், அப்புறம் அதே வெளிநாட்டுக்காரன் விலையை ஏற்றும்போது உங்களுக்கு வேறு போக்கிடம் இருக்காது அண்ணே.

விசாரணையும் ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. ஒரு வருடம், நீட்டித்தால் பதினெட்டு மாதம். அதன் பிறகு நிதி அமைச்சகம் முடிவெடுக்க மூன்று மாதம். இவ்வளவும் தாண்டி வந்த வரிக்கு ஆயுசு ஐந்து வருடம். அதற்குள் வழக்கு, தடை, வாய்தா என்றால் மிச்சம் என்ன? ஒருவேளை வழக்கில் ஜெயித்தாலும் திரும்பி வரும் பணம் இறக்குமதியாளரின் பைக்குப் போகும். உங்கள் பட்டறைக்கு வருமா?

பாரிமுனை:
சுங்க வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

வழக்குப் போட்டதும் வரி நின்றுவிடாது. 1975 சுங்கக் கட்டணச் சட்டத்தின் 9சி பிரிவுப்படி 90 நாளுக்குள் செஸ்டாட் என்கிற சுங்க, கலால், சேவை வரித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் 15,000 ரூபாய். தலைவரோடு சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் கொண்ட சிறப்பு அமர்வு கேட்கும். விசாரணை தொடங்கியதுமே உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு ஓடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும், "முடிவு வரட்டும், தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்பதுதான் பதில்.

விலை வித்தியாசத்தை மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை நம் உச்ச நீதிமன்றம் சாதாரணமாகத் தலையில் எடுத்துக்கொள்வதில்லை. அது பிடித்து உலுக்கியதெல்லாம் நடைமுறையை. டயர் உற்பத்தியாளர் சங்க வழக்கில் (2011) வாதங்களை நேரில் கேட்ட அதிகாரி மாறிப் போய், கேட்காத இன்னொருவர் இறுதி முடிவை எழுதியிருந்தார். கேட்டவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். டைல்ஸ் பற்றிய ஜி.எம். எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் (2015), விசாரணை முடியும் முன்பே போட்ட தற்காலிக வரி காலாவதியாகி இறுதி வரி வருவதற்கு முன் இருந்த இடைவெளிக்கு வரி வசூலிக்க முடியாது என்றது. செயற்கை ரப்பர் பற்றிய கும்ஹோ வழக்கில் (2017), பழைய வரி செத்த பிறகு அதை நீட்டிக்கும் அறிவிக்கை செல்லாது என்றது. இவை எதுவும் எஃகு வழக்கு இல்லை. ஆனால் இன்று எஃகு வழக்கு நடத்துகிற எந்த வக்கீலும் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறார்.

பணம் திரும்புவது பற்றி: கட்டிய வரியை வாங்கியவர் தலையில் ஏற்றிவிட்டால் இறக்குமதியாளருக்கு அது திரும்பக் கிடைக்காது. நுகர்வோர் நல நிதிக்குப் போகும். ஏற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு.

கஞ்சமலை:
நல நிதி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி மேடம். ஆனால் நீங்கள் அடுக்கியதே என் கவலையைச் சொல்கிறது. கும்ஹோவில் நடந்தது என்ன? அரசாங்க அறிவிக்கை தாமதமாக வந்தது. அதற்குத் தண்டனை யாருக்கு? குவிப்பு நடந்ததா, பாதிப்பு உண்டா என்ற கேள்வியே அடிபட்டுப் போய், ஒரு தேதிக் கணக்கில் தொழிலின் பாதுகாப்பு போய்விட்டது. தில்லியில் ஒரு கோப்பு மேசையில் தூங்கினால் இங்கே ஒரு ஷிப்டு நிற்க வேண்டுமா? இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பீளமேட்டான்:
தேதியை மதிக்காத வரி என்றால் அதற்கு முடிவே கிடையாதே சார். ஐந்து வருடம் என்று சட்டம் சொன்னதை நம்பித்தான் நாங்கள் விலை போடுகிறோம்.

அதை விட எனக்கு வலிக்கிற இடம் வேறு. நம் நாட்டில் குவிப்பு வித்தியாசம் (அவர்கள் ஊர் விலைக்கும் இங்கே அனுப்பும் விலைக்கும் உள்ள இடைவெளி), பாதிப்பு வித்தியாசம் இரண்டில் எது குறைவோ அதைத்தான் வரியாகப் போடுகிறார்கள். நல்ல வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் பாதிப்பு வித்தியாசம் எப்படி வருகிறது? இறக்குமதி விலை எவ்வளவு குறைவு என்று பார்க்க, உள்நாட்டு ஆலைக்குப் பாதிப்பில்லாத விலை என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். அதில் ஆலை போட்ட மூலதனத்துக்கு 22% வருமானம் சேர்ப்பது வழக்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு! எந்தப் பட்டறைக்கு வருடா வருடம் 22% நிச்சயம் என்று யார் எழுதித் தருகிறார்கள்? எனக்கு நல்ல வருடத்தில் பாதி வந்தாலே பெரிசு.

அந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்று அறிக்கையைத் திறந்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரங்கள். உற்பத்திச் செலவு நட்சத்திரம், லாபம் நட்சத்திரம், விற்பனை விலை நட்சத்திரம். ஓர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். என் மேல் விழுந்த வரியின் கணக்கு எனக்கே ரகசியம்.

பாரிமுனை:
ரகசியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2006-லேயே ரிலையன்ஸ் வழக்கில் பேசிவிட்டது. தரவு கொடுத்தவர் தன் வியாபார ரகசியத்தைக் காக்கக் கேட்கலாம். விசாரணை அதிகாரி தானாகவே ரகசியம் என்று சொல்லித் தன் கணக்கை மறைக்கும் உரிமையை விதி தரவில்லை. காரணம் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த வழக்கைப் போட்டது ஓர் உள்நாட்டு உற்பத்தியாளர் என்பதைக் கஞ்சமலை சார் கவனிக்க வேண்டும்.

வணிகவியல் மாணவி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவில் எஃகு வரியை எதிர்த்து நிறைய வழக்குகள் என்று வகுப்பில் சொன்னார்கள். அங்கே நீதிமன்றம் கணக்குக்குள்ளும் போகுமா அக்கா?

பாரிமுனை:
போகும் தங்கச்சி. அதற்கென்றே நியூயார்க்கில் சர்வதேச வணிக நீதிமன்றம் இருக்கிறது. மேல்முறையீடு ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்கு. அங்கே முதலில் வைப்புத்தொகைதான் வாங்குவார்கள். உண்மையான வரி எவ்வளவு என்பது பின்னால் வருடாந்தர மறுஆய்வில் முடிவாகும். அதனால் ஒவ்வொரு வருடக் கணக்கும் ஒரு வழக்காக முடியும்.

இரண்டு வழக்கு சொல்கிறேன். நெதர்லாந்து ஹாட் ரோல்டு எஃகு பற்றிய கோரஸ் ஸ்டால் வழக்கு (2005). ஒரு விற்பனையில் நியாய விலையை விடப் பத்து டாலர் குறைவு, இன்னொன்றில் பத்து டாலர் அதிகம் என்று வைத்துக்கொள். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். அப்போது அமெரிக்க வணிகத் துறை அதிகமாக விற்றதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, குறைவாக விற்ற பத்தை மட்டும் எண்ணியது. 'ஜீரோயிங்' என்பார்கள். உலக வணிக அமைப்பின் தீர்ப்புகளைக் காட்டி வாதாடினார்கள். அவை எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி நீதிமன்றம் துறையின் பக்கமே நின்றது.

அடுத்தது ஹூண்டாய் ஸ்டீல் வழக்கு (2021). கொரியாவில் குழாய் செய்யப் பயன்படும் காயிலின் விலை, சீனச் சரக்கு குவிந்ததாலும் அரசு மானியத்தாலும் இயல்பாக இல்லை என்று துறை சொன்னது. அதனால் கொரியக் கம்பெனியின் உற்பத்திச் செலவை ஏற்றிக் கணக்கிட்டது. நஷ்டத்துக்கு விற்றார்களா என்று பார்க்கும் சோதனையில் அப்படி ஏற்றுவதற்கு 2015 சட்டத்திருத்தம் அதிகாரம் தரவில்லை என்று நீதிமன்றம் தடுத்தது.

கஞ்சமலை:
அந்தக் கொரியா வழக்குதான் என் வாதமே! சீனக் காயில் கொரியாவுக்குப் போய்க் குழாயாக மாறிப் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது. குவிப்பின் பலன் அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரி அதைக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தால், சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லை என்கிறது நீதிமன்றம். மில்லில் நின்றவனுக்கு இது புரியவே புரியாது.

பாரிமுனை:
சட்டத்தில் இடமில்லை என்றால் அதை எழுத வேண்டியது அவர்கள் நாடாளுமன்றம். அதிகாரி தானாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தால் நாளைக்கு நம் ஊர்க் குழாய் அமெரிக்காவுக்குப் போகும்போது அதே பேனா நம் மேலும் விழும்.

பீளமேட்டான்:
ஒன்று கேட்கிறேன் சார். ஸ்டெயின்லெஸ் வரியிலிருந்து எங்களைக் காப்பாற்றியது எந்த நீதிபதியும் இல்லை. 2021 பட்ஜெட்டில் சில எஃகுப் பொருள்கள் மீதான வரிகளை நிறுத்திவைத்தார்கள். 2022 பட்ஜெட்டில் உலோக விலை ஏறிக் கிடக்கிறது, பொதுநலன் என்று சொல்லி ஒரேயடியாக நீக்கினார்கள். சீன ஸ்டெயின்லெஸ் மீது 2017-ல் போட்ட 18.95% மானிய எதிர்ப்பு வரியும் (அந்த நாட்டு அரசு தரும் மானியத்தை ஈடுகட்டப் போடுவது) அதில் போனது. ஆலைகளுக்கு அது பேரிடி என்று எனக்கும் தெரியும். அப்போது அவர்கள் நியாயம் கேட்க எங்கே போக வேண்டும் என்பீர்கள்?

கஞ்சமலை:
(ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.)

நியாயமான கேள்வி. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், வேறு எங்கே? விசாரணை அதிகாரி பரிந்துரைத்த வரியை நிதி அமைச்சகம் போடாமல் விட்டால் என்ன வழி என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். 2021 அக்டோபரில் செஸ்டாட், ஜூபிலன்ட் இன்கிரீவியா வழக்கில், போட மறுப்பதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னதாம்.

பாரிமுனை:
சொன்னது உண்மை. ஆனால் 2023 நிதிச் சட்டத்தில் 9சி பிரிவையே மாற்றி எழுதி, அதை 1995-லிருந்தே அமலில் இருந்ததாக முன்தேதியும் இட்டுவிட்டார்கள். மேல்முறையீடு விசாரணை அதிகாரியின் தீர்மானத்தை எதிர்த்துத்தான் என்பது அதன் நோக்கம். நிதி அமைச்சகம் மறுப்பதை எதிர்க்க இனி உயர் நீதிமன்றத்தின் ரிட்தான் மிச்சம்.

கஞ்சமலை:
அப்படியானால் மூடப்பட்டது ஆலைகளின் கதவு. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, மறைக்கவில்லை. வழக்கே போடக்கூடாது என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இடைக்காலத் தடை விஷயத்தில் மாற மாட்டேன். வரியை நிறுத்திவைக்கக் கேட்கிறவர் முழுத் தொகைக்கும் வங்கி உத்தரவாதம் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். சரக்கு ஊருக்குள் வந்து கரைந்த பிறகு தீர்ப்பு யாருக்கும் உதவாது.

பீளமேட்டான்:
வங்கி உத்தரவாதம் பெரிய இறக்குமதியாளருக்குச் சரி. என்னைப் போன்றவர்கள் அந்தக் கட்டத்துக்கே வருவதில்லை. அதனால் வக்கீல் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். விசாரணை நடக்கும்போதே எங்கள் பக்கத்தைச் சொல்ல வழி உண்டா?

பாரிமுனை:
உண்டு. 1995 விதிகளில் 6(5) என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பொருளைப் பயன்படுத்தும் தொழில்களும் தகவல் தர வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. தொடக்க அறிவிப்பு வந்ததும் அதில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். தனியாக வேண்டாம், உங்கள் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். ஒரு டன் 304-க்கு எத்தனை தொட்டி, எத்தனை ஆள்கூலி, வரி விழுந்தால் ஒரு தொட்டிக்கு எவ்வளவு ஏறும் என்று எண்களோடு. பின்னால் மேல்முறையீட்டில், "இதைச் சொன்னோம், பதிலே இல்லை" என்று காட்ட அந்தக் காகிதம் வேண்டும். அது இல்லாமல் தீர்ப்பாயத்துக்கு வருகிறவர்களுக்கு நான் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

பீளமேட்டான்:
எங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. 2015 பில்கள் எல்லாம் பரணில் இருக்கின்றன, இறக்குகிறேன்.

கஞ்சமலை:
ரோலிங் மில் செலவு எப்படிப் பிரியும் என்பது எனக்குத் தெரியும். 22% பற்றி எழுதும்போது என்னிடம் காட்டுங்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் தப்பான எண் போகாமல் பார்த்துச் சொல்கிறேன்.